பின்கட்டு ஐயாவுக்கு ஒரு பங்கு

கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மளிகைக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். பத்தாங் பெர்ஜுந்தாய் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பயணிகளை இறக்கிவிட்டு, டிக்கெட் பையோடு நேரே என் ஏணிக்கு அடியில் வந்து நின்றார். "பெயிண்டரண்ணே, கொஞ்சம் எறங்கி வாங்க" என்றார். ஏணியில் நிற்கிறவனிடம் சொல்லக்கூடாத செய்தி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலாங்கட்டை அஞ்சலையக்கா காலையில தவறிட்டாங்க" என்றார்.

தூரிகையைக் கழுவாமல் டின்னுக்குள் போட்டுவிட்டு, அதே பஸ் திரும்பும்போது ஏறிவிட்டேன். அந்த மளிகைக் கடை இன்றுவரை பாதிப் பெயரோடுதான் வியாபாரம் பார்க்கிறது. அடுத்த வாரம் போய் எழுதி முடிக்க வேண்டும்.

அக்காவின் பதினாறாம் நாள் காரியத்தில் படிப்பதற்கு ஏதாவது எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்து என்றாலே இந்த வட்டாரத்தில் என்னைத்தான் பிடிக்கிறார்கள். 'இங்கே துப்பாதீர்' என்று அழகாக எழுதுகிறவனுக்குக் கட்டுரையும் வரும் என்று ஒரு நம்பிக்கை. வந்த வரைக்கும் எழுதுகிறேன். அக்காவை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அறியாதவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அஞ்சலையம்மாள் அவர்கள் உலு யாம் பக்கத்துத் தோட்டமொன்றின் கூலி லயத்தில் பிறந்தவர்கள். தச்சுவேலை செய்த கோவிந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு நாலாங்கட்டைக்கு வந்தார்கள். நாலாங்கட்டை என்பது பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோல சிலாங்கூர் போகிற சாலையில் நாலைந்து கடைகளும் ஒரு கோயிலும் உள்ள இடம். கோவிந்தன் தன் கையால் கட்டிய பலகைக் கடையில் இருவரும் கள் விற்றார்கள். லைசென்ஸ் கிள்ளானிலிருந்த ஒரு முதலாளியின் பேரில் இருந்தது. ஜப்பான்காரன் வந்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது கோவிந்தனையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் வரவில்லை.

சண்டை முடிந்ததும் அக்கா கடையைத் தனியாகத் திறந்தார்கள். பொம்பளை கள்ளுக்கடை நடத்துவதா என்று கோயில் கமிட்டியில் சிலர் முணுமுணுத்தார்கள். "நீங்க குடிக்கிறதை நிப்பாட்டுங்க, நான் விக்கிறதை நிப்பாட்டறேன்" என்று அக்கா சொல்லிவிட்டார்கள். முணுமுணுப்பு நின்றது. குடி நிற்கவில்லை.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்குத் தோட்டத்திலேயே கள்ளுக்கடை உண்டு. அக்கா கடைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கைத்தொழில்காரர்கள். தோட்டத்துக்குத் தோட்டம் போய் வேலை செய்துவிட்டு, பொழுது சாயும்முன் அங்கே வந்து கூடுவோம். முனுசாமி கொல்லர், பால்வெட்டும் கத்தி அடிப்பதில் பேர்போனவர். சவரிமுத்து செருப்புத் தைப்பவர். ஆ சோங் ஆற்றங்கரையில் படகு கட்டுகிற சீனர். பாக் சாலே பக்கத்து மலாய்க் கம்பத்தில், அதாவது கிராமத்தில், கூரைக்கு அத்தாப்பு ஓலை பின்னுகிற மலாய்க்காரர்; அவர் கள்ளைத் தொடமாட்டார், வாசலை ஒட்டிய பெஞ்சியில் உட்கார்ந்து கோப்பி குடிப்பார். நான் போர்டு எழுதுகிறவன். எல்லாருக்கும் நான் பெயிண்டர்தான். என் சொந்தப் பெயர் அக்காவுக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

அந்தக் கடைக்குச் சில வழக்கங்கள் இருந்தன. வாசலில் நுழைந்ததும் ஒரு நீளப் பலகை. அவரவர் கருவியை அதில், கூர் சுவரைப் பார்த்திருக்கும்படி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குடிக்கிற இடத்தில் உளியும் கத்தியும் மடியில் இருக்கக்கூடாது என்பது கோவிந்தன் காலத்துச் சட்டம். உள்ளே போனால் அக்கா குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, ஊற்றாமல், ஒரு கேள்வி கேட்பார்கள்.

"இன்னைக்கு எதைக் கெடுத்தீங்க?"

நான் முதல்முறை போனபோது எனக்கு விளங்கவில்லை. "நான் ஒன்னையும் கெடுக்கலையே" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. கடை முழுக்கச் சிரித்தது. "அப்ப இன்னைக்கு வேலையே செய்யலைன்னு அர்த்தம். தம்பிக்கு ஒரு கோப்பிதான்" என்று அக்கா சொல்லிவிட்டார்கள். பாக் சாலே நகர்ந்து எனக்குப் பெஞ்சியில் இடம் கொடுத்தார். மறுநாள் போய், ஒரு டிஸ்பென்சரி போர்டில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, அதைப் பிறகு இரண்டு எழுத்துக்கு நடுவே குழந்தையைப் படுக்க வைப்பதுபோலச் சொருகினதை ஒப்புக்கொண்டேன். கள் கிடைத்தது.

அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று அக்காவே ஒருநாள் சொன்னார்கள். "அவரு ஒருக்கா கோயில் கதவை அளவு தப்பி அறுத்துட்டாரு. யார்கிட்டயும் சொல்லாம, சோறும் திங்காம மூலையில உக்காந்திருந்தாரு. நானே போயி, எதைய்யா கெடுத்தீருன்னு கேட்டேன். சொன்னாரு. சொல்லிட்டு அவரே சிரிச்சாரு. அப்புறந்தான் சோறு எறங்குச்சு. அன்னையிலேர்ந்து எல்லாரையும் கேக்குறேன்." எங்கள் எல்லாருக்கும் அந்தக் கேள்வி பழகிப்போயிற்று. செய்த தவற்றைச் சொல்லாமல் ஒருநாள் போனால் எங்களுக்கும் சோறு இறங்காது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. என்னை எழுதச் சொன்னவர்கள் அதற்காகத்தான் சொன்னார்கள்.

கடையின் பின்புறத்தில், கைகழுவும் தொட்டிக்கு அப்பால், ஒரு மரக்கட்டை தரையோடு நின்றது. வெட்டிய மரத்தின் அடி. கோவிந்தன் வேலை முடிந்து வந்து அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அவர் போன பிறகும் அக்கா தினமும் பொழுது சாய ஓர் இலையில் அன்றைக்கு இருந்ததைக் கட்டி, ஒரு குவளைக் கள்ளோடு அந்தக் கட்டையில் வைத்துவிட்டு வருவார்கள். ஒருநாள் அது காலியாகியிருந்தது. நாய் தின்றிருந்தால் இலை கிழிந்திருக்கும். இலை மடித்து வைத்திருந்தது, குவளை கவிழ்த்திருந்தது. அதற்குப் பிறகு அநேக நாள் அப்படித்தான்.

கடைக்கு வருகிறவர்கள் அதைச் சாப்பிடுகிறவருக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள்: பின்கட்டு ஐயா. எல்லாத் தொழிலுக்கும் மூத்த தொழிலாளி, காட்டு வழியாக வந்து தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார் என்று பேச்சு. அக்கா அதை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஒரே ஒரு சட்டம் மட்டும் போட்டார்கள். பங்கு வைத்த பிறகு யாரும் பின்பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. கைகழுவப் போகிறவர்கள் ஒருவர் போய் வந்த பிறகுதான் அடுத்தவர் போக வேண்டும். பார்த்தால் ஐயா வரமாட்டார், பார்த்தவன் கருவி மழுங்கிப்போகும்.

ஆனால் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டவர்களுக்குக் குறைவில்லை. முனுசாமி குள்ளமான ஆள். அவர் கண்ட ஐயா கூரையை முட்டும் உயரம். சவரிமுத்துவுக்குத் தொந்தி பெரிது. அவர் கண்ட ஐயா விறகு மாதிரி காய்ந்தவர். ஆ சோங்குக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. அவருடைய ஐயாவுக்குத் தோள் வரைக்கும் முடி. பாக் சாலே ஒரு காலை இழுத்து நடப்பவர். அவர் பார்த்தவர் குதிரை போல ஓடினாராம். நாலு பேரும் அடித்துப் பேசுவார்கள். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஆர்வத்தில், ஐயாவுக்குச் சின்னதாக ஒரு போர்டு எழுதி அந்தக் கட்டையில் மாட்டட்டுமா என்று கேட்டேன். "வேணாம் பெயிண்டர். பேரு எழுதுனா வரமாட்டாரு" என்று அக்கா சொன்னார்கள். சும்மா எழுதித் தருகிறேன் என்றவனை இப்படிச் சொல்லிவிட்டார்களே என்று எனக்கு வருத்தம்கூட உண்டாயிற்று.

பிறகு அவசரகாலம் வந்தது. காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்ட் கூட்டத்துக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக்கூடாது என்று சர்க்கார் முனைந்தது. சிதறியிருந்த லயங்களையும் வீடுகளையும் ஒன்றாகச் சேர்த்து, சுற்றி முள்கம்பி போட்டார்கள். நாலாங்கட்டைக்கும் வேலி வந்தது. அரிசி, உப்பு, சர்க்கரை எல்லாம் அளவோடு. கேட்டில் எஸ்.சி. என்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் துப்பாக்கியோடு நின்று சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்ப்பார்கள். வேலிக்கு வெளியே சோறு போனால் ஜெயில், அல்லது தடுப்பு முகாம், அல்லது கப்பலேற்றி நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

வேலி போட்டவர்கள் கயிறு பிடித்த இடத்தில் கம்பியை இழுத்தார்கள். அக்கா கடையின் கைகழுவும் தொட்டி உள்ளே நின்றது. கோவிந்தன் உட்கார்ந்த கட்டை வெளியே போய்விட்டது. கம்பிக்கு இடையில் கைவிட்டால் எட்டும் தூரம்தான். அக்கா என்ன செய்திருக்க வேண்டும்? பங்கை உள்ளே ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டும். அவர்கள் செய்யவில்லை. கம்பிக்குள் கையை நுழைத்து, பழையபடி அந்தக் கட்டையிலேயே வைத்தார்கள். எங்களில் ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. நாட்டுக்கு ஆயிரம் சட்டம் வரும், ஐயாவின் இடம் ஐயாவின் இடம்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். எங்களைப் போன்ற கூட்டம்தான் அப்படி நினைக்கும்.

ரோந்து வந்த எஸ்.சி. ஒருவர் பொழுதுசாயக் கட்டையின் மேல் இலைப்பொட்டலத்தைப் பார்த்தார். காலையில் அது காலியாகியிருப்பதையும் பார்த்தார். தொடர்ந்து சில நாள் பார்த்துவிட்டு மேலே சொன்னார். ஒரு மத்தியானம் ஜீப் வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு போயிற்று. அடுப்பில் சுண்டல் கொதித்துக்கொண்டிருந்தது. சவரிமுத்துவின் மனைவி ஓடிப்போய் அதை இறக்கி வைத்தார்.

மறுநாள் காலை பாலாயிலிருந்து, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து, என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். அங்கே வழக்கமாகத் தமிழ் மொழிபெயர்ப்பவர் வேறிடம் போயிருந்தார். அக்காவுக்குத் தெரிந்தது கடைத்தெரு மலாய். வாக்குமூலம் சரியாக இருக்க வேண்டும், உனக்கு மலாய் நன்றாக வருமே, வா என்றார்கள். இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், கறாரானவர், கெட்டவரில்லை. அதற்கு முந்தைய வாரம் அவருடைய ஆள் ஒருவர் காட்டோரத்தில் சுடப்பட்டிருந்தார். அக்கா பெஞ்சியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தலைமட்டும் கலைந்திருந்தது.

"யாருக்காகச் சோறு வைத்தாய்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பசிச்சவங்களுக்கு."

"யார் அவர்கள்?"

"தெரியாதுங்க துவான். யாரும் பாக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டவளே நான்தான். நானே பாக்கலாமா?"

"பார்க்கவில்லை என்றால், காட்டிலிருந்து வந்தவன் தின்றிருக்கலாம் அல்லவா?"

அக்கா கொஞ்சம் யோசித்தார்கள். "இருக்கலாம். நான் பாக்கலையே" என்றார்கள்.

அந்த ஒரு பதிலில் அவர்களைக் கப்பலேற்றிவிடலாம். நான் அதை வளைத்து, 'அப்படி இருக்க வழியில்லை என்கிறார்' என்று மலாயில் சொன்னேன். கடைத்தெரு மலாய்தான் என்றாலும் அக்காவுக்கு அவ்வளவு விளங்கிவிட்டது. "பெயிண்டர், சொன்னதைச் சொல்லுங்க" என்றார்கள். சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

"வேலி வந்த பிறகு ஏன் உள்ளே வைக்கவில்லை?"

அதற்கு அக்கா சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "உள்ள வெச்சா நாலு பேரு கண்ணுல படும், துவான். பசிச்சவன் வெக்கப்பட்டுக்கிட்டு வரமாட்டான். கட்டை இருக்கற எடம் கடையிலேர்ந்து தெரியாது. வேலிக்கு வெளியன்னு எனக்கும் தெரியும். பயந்துக்கிட்டேதான் வெச்சேன்."

ஐயா என்று ஒருவர் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் அந்தக் கடையில் உட்கார்ந்து, அத்தனை கதையையும் வாய் பிளந்து கேட்டவன் நான். காட்டுக்காரர்கள்தான் தின்றார்களோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

அந்த நேரம் வாசலில் சத்தம். முனுசாமி கொல்லர் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "துவான்கிட்ட சொல்லுங்க பெயிண்டர். பங்கைத் தின்னது நான்தான்" என்றார். அக்காவைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். மனசுக்குள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டபடியே மொழிபெயர்த்தேன். சொல்லி முடிக்கவில்லை, சவரிமுத்து மூச்சிரைக்க வந்து நின்றார். "தின்னது நான், துவான்." இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் திகைத்தார்கள். கலந்து பேசிக்கொண்டு வந்தவர்கள் அப்படித் திகைக்கமாட்டார்கள். பின்னாலேயே பாக் சாலே காலை இழுத்துக்கொண்டு வந்தார். கடைசியாக ஆ சோங்.

காட்டிலிருந்த கூட்டத்தில் பெரும்பாலோர் சீனர்கள். அந்தக் காலத்தில் ஒரு சீனர் தானாகப் பாலாய்க்குள் நுழைந்து, வேலிக்கு வெளியே இருந்த சோற்றைத் தின்றேன் என்று சொல்வது எப்பேர்ப்பட்ட காரியம் என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். அவர் இன்ஸ்பெக்டரை நேராகப் பார்த்து, "சாயா மாக்கான், துவான். சாயா" என்றார். நான்தான் சாப்பிட்டேன், நான்தான்.

இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டினார். "என்ன இது, திருவிழாவா?" என்று கத்தினார். "ஒரு பொட்டலத்தை நாலு பேர் எப்படித் தின்ன முடியும்?"

"ஒரே நாள்ல இல்லீங்க துவான்" என்றார் முனுசாமி, மெதுவாக.

இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரர். அக்காவைப் பக்கத்து அறையில் உட்கார வைத்துவிட்டு, ஒவ்வொருவராக நிறுத்தி, என்றைக்குத் தின்றாய், இலையில் என்ன இருந்தது என்று கேட்டார். பிறகு அக்காவிடம் போய், அந்த நாளில் என்ன வைத்தாய் என்று கேட்டார். நான் இரண்டு அறைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

முனுசாமி சொன்னார்: துருத்தி கிழிந்துபோய்ப் பட்டறையை மூடியிருந்த நாளில் தின்றேன், பயறு, உப்பே இல்லை. அக்கா சொன்னார்கள்: "அன்னைக்கு உப்பு ரேசன் தீந்துபோச்சு."

பாக் சாலே இன்ஸ்பெக்டரிடம் நேராகவே மலாயில் பேசினார். ஊரார் கூரைக்குத் தகரம் வாங்கத் தொடங்கிய பிறகு தன்னைக் கூப்பிடுவோர் குறைந்துவிட்டதாகவும், மழைக்காலத்தில் மரவள்ளிக்கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு கள்ளை வாழைமரத்தடியில் ஊற்றிவிட்டதாகவும் சொன்னார். "அல்லா சாட்சி, ஒரு சொட்டு நாக்கில் படவில்லை. வேண்டுமானால் அந்த வாழையைப் போய்ப் பாருங்கள், எப்படிக் கொழுத்திருக்கிறது என்று." இன்ஸ்பெக்டர் முதல்முறையாகச் சிரித்தார்.

சவரிமுத்து தின்றது கருவாடு. முள் தொண்டையில் மாட்டி இருமிவிட்டாராம். உள்ளே எல்லாருக்கும் கேட்டிருக்குமே என்று உயிர் போய்விட்டதாம். அக்காவிடம் கேட்டேன். "இருமல் கேட்டுச்சு. அதான் நான் பாடுனேன்" என்றார்கள். எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. ஒருநாளும் பாடாத அக்கா, கள் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள், திடீரென்று தொண்டை கிழிய ஒரு தாலாட்டைப் பாடினார்கள். நாங்கள் கேலி செய்தோம். சவரிமுத்து அப்போது கைகழுவப் போயிருந்தார். நான் இதைச் சொன்னதும் சவரிமுத்து முகத்தை மூடிக்கொண்டார். "அக்காவுக்குத் தெரியுமா? நான்னு அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆ சோங்கின் கதைதான் நீளமானது. ஆற்றில் படகு போகத் தடை வந்ததிலிருந்து அவருக்கு வேலை இல்லை. வேலி வந்த பிறகு அந்தப் பங்கை அதிகமாகச் சாப்பிட்டவர் அவர்தான். கம்பிக்குள் கைவிட்டு எடுத்திருக்கிறார். சட்டைக் கையை மடக்கிக் காட்டினார். முழங்கை வரைக்கும் முள் கிழித்த கோடு, பழையதும் புதியதுமாக. இன்ஸ்பெக்டர் எழுந்து மற்ற மூவருடைய கையையும் காட்டச் சொன்னார். கோடு எல்லார் கையிலும் இருந்தது. பிறகு அவர் அக்காவின் அறைக்குப் போய்க் கதவருகில் நின்று பார்த்தார். அக்காவின் வலது கையிலும் இருந்தது.

என் கையில் மட்டும்தான் இல்லை. மையும் எண்ணெயும் பட்ட சுத்தமான கை. எனக்கு அன்றைக்கு அது பெருமையாக இல்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "அந்தக் கட்டையைத் தோண்டி வேலிக்குள் கொண்டுவந்து நடு. இனி ஒரு பருக்கை வெளியே போனால் என்னால் காப்பாற்ற முடியாது. போங்கள் எல்லாரும்." அக்கா எழுந்து கும்பிட்டார்கள். அன்று சாயந்தரமே கடப்பாறை வாங்கி, எஸ்.சி. ஒருவர் காவல் நிற்க, கட்டையைப் பெயர்த்து உள்ளே கொண்டுவந்து, வாழைமரங்களுக்குப் பின்னால் நட்டோம்.

அக்கா தப்பினார்கள். ஆனால் கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன்.

மறுநாள் எல்லாரும் கடைக்கு வந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யார் யார் தின்றார்கள் என்பது இப்போது ஊருக்கே தெரியும். அக்கா பங்கை வைத்தார்கள். கைகழுவப் போனவர்கள் கைகழுவியதோடு வந்துவிட்டார்கள். காலையில் இலை அப்படியே கிடந்தது, எறும்பு மொய்த்து. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். ஆ சோங்குக்கு இன்னும் வேலை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அவர் கோப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார். கூப்பிட்டுச் சோறு போட்டால் வரமாட்டார்கள், அப்படி வருகிற ஆட்கள் இல்லை. அக்கா மெலிந்துபோனார்கள். "லாக்கப்புல தூங்கிட்டேன் பெயிண்டர். இங்கதான் தூக்கம் வரல" என்று என்னிடம் சொன்னார்கள்.

ஒருநாள் வழக்கம்போல, "இன்னைக்கு எதைக் கெடுத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள், என்னிடம் வந்ததும் கேட்காமல் நின்றார்கள். "இன்னைக்கு நான் சொல்றேன்" என்றார்கள். அதுவரை அவர்கள் ஒருநாளும் தன் முறை என்று சொன்னதில்லை. "உங்க எல்லாரையும் வெளியில இழுத்து நிக்க வெச்சிட்டேன். உள்ள ஒரு எடமாப் பாத்து வெச்சிருந்தா இது நடந்திருக்காது. எனக்காகச் சொல்லப்போயி உங்களுக்குச் சோறு போச்சு. அதைத்தான் நான் கெடுத்தேன்." அழவில்லை. குவளையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்கள்.

சவரிமுத்து எழுந்தார். தொந்தியைத் தடவிக்கொண்டு, "எனக்குப் பசி இல்ல. வீட்டுல மூக்கு முட்டத் தின்னுட்டுத்தான் வந்தேன்" என்று சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நல்லாருக்குலா, போங்க" என்றார் முனுசாமியைப் பார்த்து. முனுசாமி போனார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். அப்புறம் பாக் சாலே. அப்புறம் நான். வாழைக்குப் பின்னால் இலையைத் திறந்தபோது பொட்டலம் முக்கால்வாசி அப்படியே இருந்தது. ஆளுக்கு ஒரு கிள்ளுத்தான் எடுத்திருந்தார்கள். நானும் ஒரு கிள்ளு எடுத்தேன். கடைசியாக ஆ சோங் போனார். எல்லாரும் போகும்போது அவர் மட்டும் போகாமல் இருக்க முடியாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கம். பசியோ இல்லையோ, கடைக்கு வந்த அத்தனை பேரும் ஒவ்வொருவராகப் பின்கட்டுக்குப் போய் வர வேண்டும். எத்தனையோ நாள் நான் போய்ப் பார்த்தால் இலை வெறுமையாக இருக்கும். எனக்கு முன்னால் போனவர்களில் யாரோ ஒருவர் உண்மையாகவே சாப்பிட்டிருப்பார். நான் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவேன். மாற்றலாகிப் போவதற்கு முன்னால் அந்த இன்ஸ்பெக்டரும் ஒருநாள் கோப்பி குடிக்க வந்தார். எல்லாரும் எழுந்து போய் வருவதைப் பார்த்தார். என்னவென்று கேட்கவில்லை. தொப்பியை மேசையில் வைத்துவிட்டு அவரும் போய், மீசையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

பிறகு மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். எங்கள் பக்கம் ஊரடங்கையும் ஆற்றுத் தடையையும் எடுத்துவிட்டார்கள். ஆ சோங் மறுபடி படகு கட்டுகிறார். ஆற்றில் போகிற புதுப் படகுகளில் பாதி அவருடையதுதான். பாக் சாலேயின் மகன் தகரக் கூரை போடுகிறான், அப்பா மேற்பார்வை. அக்காவுக்கு மூச்சுத்திணறல் கண்டது. ஆஸ்பத்திரியில் படுக்கச் சொன்னார்கள். "கடையில யாரு கேப்பா?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். கடைசி நாளன்றும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாரையும் கேட்டார்களாம். இப்போது சவரிமுத்துவின் மனைவி கடையைப் பார்த்துக்கொள்கிறார். கிள்ளான் முதலாளியும் சரி என்றுவிட்டார்.

அடக்கத்தன்று நாங்கள் ஒரு பத்திருபது பேர் வருவோம் என்று எதிர்பார்த்தோம். சாலை நிறைந்துவிட்டது. கைத்தொழில்காரர்கள் மட்டும் இல்லை. செகிஞ்சானிலிருந்து ஒரு லோரி டிரைவர் வந்திருந்தார். ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார், சலவை செய்த சட்டையோடு, கூட்டத்தின் கடைசியில் நின்றார். ஒரு தோட்டத்து ஆபீஸ் கிராணிகூட இருந்தார். அவர்களில் ஒருவரையும் நாங்கள் கடைக்குள் பார்த்ததில்லை. ஐயாவின் பங்கைத் தின்றது நாங்கள் நாலைந்து பேர்தான் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இடுகாட்டுக்குப் பெண்கள் வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அன்று ஒரு பெண் வந்திருந்தாள். பால்வெட்டுக்குப் போகிற உடையிலேயே, இடுப்பில் குழந்தையோடு, எந்தத் தோட்டத்திலிருந்து நடந்து வந்தாளோ தெரியவில்லை. யாரும் தடுக்கவில்லை. குழிக்கருகில் வந்து நின்றாள்; விசும்பல் இல்லாமல் கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் ஊர்க்கதை கேட்கிற வாய் ஆயிற்றே. அக்காவை உனக்கு எப்படிம்மா பழக்கம் என்று கேட்க வாயைத் திறந்தேன்.

முனுசாமி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். இரும்பு பிடித்துப் பழகிய கை, எலும்பு வரைக்கும் வலித்தது. "கேக்காதீங்க" என்றார்.

வாயை மூடிக்கொண்டு அவளுக்கு வழிவிட்டேன். அவள் ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டாள். குழந்தையின் கையைப் பிரித்து, அதிலும் கொஞ்சம் மண் வைத்துப் போட வைத்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் வந்த வழியே நடந்துபோனாள்.

அக்கா, உங்களை நன்றாக அறிந்தவன் என்றுதான் என்னை எழுதச் சொன்னார்கள். என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். திறக்க வேண்டியதும் இல்லை. அவர்கள் எல்லாருக்காகவும் நான் சொல்கிறேன். சாப்பிட்டாச்சு, அக்கா. வயிறு நிறைந்தது. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.